ஆயிரத்து அறுநூற்றுப் பத்து கிராம்

தராசு சரியாக இருக்கிறது என்று சொன்னதும் முகம் வாடிப்போன ஆள் என் அனுபவத்தில் ஒருவர்தான். அவர் கீழ்வீட்டு அக்கா. கடைக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் டீ வாங்கித் தருவார்கள். சரியில்லை என்று சொன்னால்தான் கல்லாவில் கைவைக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருடமாக எடை மெஷின் பழுதுபார்க்கிறேன். கறிக்கடை, காய்கறிக்கடை, பார்சல் ஆபீஸ் என்று நான் ஏறி இறங்காத படி இல்லை. பாம்பு நிறுக்கிற மெஷினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டது நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு நாளாக விடாத மழை. என் எடைக்கல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கல்லாக மெஷினில் வைத்துக் காட்டினேன்.

“அரைக் கிலோ வச்சா அரைக் கிலோ. ரெண்டு கிலோ வச்சா ரெண்டு கிலோ. ஒரு கிராம் முன்னப்பின்ன இல்லக்கா. மெஷின் தங்கம்.”

“நல்லாப் பாத்தீங்களா தம்பி?”

“இதுக்கு மேல பாக்கணும்னா பிரிச்சு மேஞ்சுதான் பாக்கணும்.”

“அப்ப இவ நெஜமாவே ஆயிரத்து அறுநூத்திப் பத்துதானா?”

“சந்தேகம்னா இன்னொரு தடவை வச்சுப் பாருங்க.”

வைத்தார். பிளாஸ்டிக் கூடைக்குள் மலைப்பாம்பு தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டிருந்தது. பயந்தால் இப்படிச் சுருண்டுகொள்ளும் சின்ன வகை இது. வளர்ப்பவர்கள் பந்து மலைப்பாம்பு என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ‘பால் பைத்தான்’ என்பார்கள். கறுப்பு உடம்பில் பழுப்புத் திட்டுகள். நாளெல்லாம் ஒரே மூலையில் கிடப்பதால் அந்த வீட்டில் அதற்குச் சோம்பேறி என்று பெயர். கூடையின் எடை போக, மெஷினில் எண்கள் ஓடி ஆயிரத்து அறுநூற்றுப் பத்தில் நின்றன.

“எங்கயோ இடிக்குது,” என்றார் அக்கா.

கடைக்குப் போய் நனைந்து வந்திருந்த அவர் கணவர் வாசலில் நின்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். “தம்பிதான் சரியா இருக்குன்னு சொல்றாருல்ல. விடேன்,” என்றார். சொல்லும்போது எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்பேன். ரொட்டி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே கிளம்பி, கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, பதினொரு மணிக்குத் திரும்புவார். பன்னிரண்டு மணிக்கு அக்கா சலவை ஆலைக்குப் போவார். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் விரிப்புகளும் மலைமலையாக வந்து குவிகிற இடம் அது. மெஷினிலிருந்து சூடாக வரும் விரிப்பை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது மடிக்கலாம், இது இன்னும் ஓடணும் என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. இரவு எட்டு மணிக்கு அவர் வரும்போது அண்ணன் தூங்கியிருப்பார். ஆக, அந்த வீட்டில் ஒருவர் இருந்தால் இன்னொருவர் இருக்க மாட்டார். பகலில் சேர்ந்து சாப்பிடும் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

மகன் வேலை கிடைத்து வேறு ஊர் போன பிறகு அவன் அறையைப் பாம்புகளுக்குக் கொடுத்தார்கள். சுவரோரம் இரும்பு அலமாரி, அதில் இழுப்பறைபோல நீளப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பாதிப் பக்கம் அடியில் சூட்டுக் கம்பி ஓடும், மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு தண்ணீர்க் கிண்ணம். பெட்டி முகப்பில் ஒரு அட்டை. எந்தத் தேதியில் எலி போட்டார்கள், ஞாயிறன்று எடை எவ்வளவு என்று அக்காவின் உருண்டை எழுத்தில் இருக்கும்.

முதலில் இருந்தவள் பேர் பொட்டு. அவள் இறந்தது இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால். ஆயிரத்து ஐந்நூறு கிராமாவது இருக்க வேண்டும், மூன்று வயசாவது ஆகியிருக்க வேண்டும், அப்புறம்தான் ஆண் சேர்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பொட்டு இரண்டிலும் குறைச்சல். ஆனால் அக்கா அவளைக் கையில் விட்டுப் பார்த்துவிட்டு, “கிராமைப் பாக்காதீங்க, என் கை சொல்லுது, ரெடி,” என்று சொல்லிவிட்டார். சேர்த்தார்கள். முட்டை பிடித்தது. இரண்டு முட்டை வெளியே வந்தது, மற்றவை உள்ளேயே சிக்கிக்கொண்டன. விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவர் மேசையைவிட்டு இரண்டடி தள்ளி நின்றே பார்த்தாராம், நாய் பூனைக்காரர் பாவம். ஒன்பது நாள் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச்சேர்ந்தாள். அதிலிருந்து அக்கா தன் கையை நம்புவதை விட்டுவிட்டார். மெஷினும் அட்டையும்தான் எல்லாம்.

நான் மெஷினைப் பார்த்த அன்று சாயங்காலமே, சோம்பேறியோடு சேர்க்கக் கண்ணாடிக்காரர் ஆண் பாம்பைக் கொண்டுவந்துவிட்டார். மீன் தொட்டி செய்து விற்கும் கடை வைத்திருப்பவர், பத்துப் பன்னிரண்டு பாம்பு வைத்திருப்பவர். துணிப்பை ஒன்றை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். ஒல்லியாக, சுறுசுறுப்பாக ஒன்று தலையை நீட்டியது.

“மாப்பிள்ளை வந்தாச்சு,” என்றார் கண்ணாடிக்காரர். “பொண்ணு வீட்ல காபி உண்டா?”

“மாப்பிள்ளை எலிதான் கேப்பாரு. காபி சம்பந்திக்குத்தான்,” என்று சொல்லி அண்ணன் அடுப்பங்கரைக்குப் போனார். எல்லோரும் சிரித்தோம், அக்காவைத் தவிர.

“இன்னும் இருபது நாள்ல வண்டி வருதும்மா,” என்றார் கண்ணாடிக்காரர். “கடையை மூடறேன், பொண்ணு வீட்டோட போறேன். பாம்பையெல்லாம் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கறாரு. அவரு இருக்கிற எடம் ரொம்பத் தூரம். இவனை மறுபடி கேட்டா கெடைக்க மாட்டான்.”

“எப்ப விடணும்?”

“ரெண்டு மூணு தடவை சேத்து, பிரிச்சு, சேக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சாத்தான் கணக்கு சரியா வரும். எடை எவ்வளவு?”

“ஆயிரத்து அறுநூத்திப் பத்து.”

“வயசு?”

“மூணு ஆக ரெண்டு மாசம் இருக்கு.”

“அப்புறம் என்னம்மா யோசனை? பொண்ணு நிக்குது கல்லு மாதிரி.”

அக்கா எழுந்து மாப்பிள்ளையைக் காலிப் பெட்டியில் விட்டு மூடினார். கண்ணாடிக்காரர் போன பிறகு, “இவளும் போயிட்டான்னா இந்த ரூமைக் கழுவிப் பூட்டிருவேன்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நானும் அண்ணனும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் முழுக்க எனக்கே சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. பாம்புக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. அதைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் கீழே ஒரு பெட்டி இழுபடும் சத்தம் அடிக்கடி கேட்கும். அக்கா பெட்டியைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார், திறக்கிறார். நான் புரண்டு படுப்பேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவரே படியேறி வந்தார். கையில் நேற்றைய ரொட்டி. வேனில் மிச்சமாகும் ரொட்டி எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும். என் சமையலுக்கு அது பெரிய ஒத்தாசை.

“மெஷின் சரிதானே தம்பி?” என்றார் நுழையும்போதே.

“அக்கா, இதை நாலாவது தடவை கேக்கறீங்க.”

“கோவிச்சுக்காதீங்க.”

“கோவமில்லக்கா. டீ போடறேன், உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஈரக்காற்றுக்குப் புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார். நான் ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டுவிட்டுக் கேட்டேன்.

“மெஷின் இருக்கட்டும். ரெடியா இல்லையான்னு வேற எப்படித் தெரியும்?”

“ரெடின்னா சூட்டுப் பக்கத்தை விட்டுட்டுக் குளிர்ச்சி தேடிப் போவா. தண்ணிக் கிண்ணத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடப்பா. நெறம் வெளுத்த மாதிரி ஆகும். அப்புறம் விரலுக்கு நடுவுல நகர விட்டா வயித்துக்குள்ள முட்டைக் கரு வரிசையா மணி மணியாத் தட்டும்.”

“சோம்பேறி என்ன பண்றா?”

“சூட்டுப் பக்கமே கெடக்கா. எலி போட்டா ஒரே முழுங்கு. மறுபடி படுத்துக்குவா.”

“அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்?”

“சில பேருக்கு ஆணைச் சேத்த பிறகுதான் இதெல்லாம் வரும். கண்ணாடிக்காரர் சொல்றது பொய்யில்ல. நானும் பாத்திருக்கேன்.” டீயை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “பத்து நாளைக்கு ஒரு எலிதான் தம்பி போடறேன். எட்டு மாசத்துல நானூத்தி முப்பது கிராம் ஏறியிருக்கு. அதுக்கு முன்னால அஞ்சு வாரம் ஒரே எடத்துல நின்னுச்சு. அப்புறம் என்ன வந்துச்சு அவளுக்கு?”

“வளர்ற வயசுக்கா. என் தங்கச்சி பையன் ஒரு லீவுல ஜாண் அளவு ஏறிட்டான்.”

நான் இப்படித்தான். தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் மாதிரி பேசுவேன். அக்காவோ அதை மருத்துவர் சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப பயம்தான்,” என்றார். “கையில எடுத்தா ஏதோ வேணாம் வேணாம்னு தோணுது. இந்தக் கை பொட்டு விஷயத்துல என்ன பண்ணுச்சுன்னு தெரியும்ல. அதான் எடுக்கறதையே கொறைச்சுட்டேன்.”

“அண்ணன் என்ன சொல்றாரு?”

“அவரா? உன் இஷ்டம்ங்கறாரு. நாலு நாளா சரியாச் சாப்பிடல. என்னைவிட அவருக்குத்தான் இதுல ஆசை. என் வாயில இருந்து சரின்னு வரணும்னு பாத்துக்கிட்டு இருக்காரு.”

டீ ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வேலைக்கு நேரமாச்சு என்று எழுந்தார். அவர் சலவை ஆலைக்குக் கிளம்பிப் போனதும் அண்ணன் மேலே வந்தார். என் ஃப்ரீசரில் பாதி இடம் அவருடையது. கீழே ஃப்ரீசரில் இடமில்லை, ஒரு ஓரமாக இருக்கட்டும் என்று ஏழெட்டு மாதத்துக்கு முன் கேட்டார். தனியாள் ஃப்ரீசரில் ஐஸைத் தவிர என்ன இருக்கப்போகிறது, சரி என்றேன். ரொட்டிப் பைகளில் சுற்றி ஏதோ வைப்பார், எடுப்பார். அன்று ஃப்ரீசரைத் திறந்து ஒரு பையைக் கையில் எடுத்தவர், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்ப வைத்துவிட்டு மூடினார்.

“எடுக்கலயா அண்ணே?”

“வேணாம்,” என்றார். “என்ன சொன்னா உங்கக்கா?”

“பயமா இருக்குங்கறாங்க. ஆனா ஒத்துக்குவாங்கன்னுதான் நெனைக்கறேன்.”

அதைக் கேட்டால் மனிதர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “ஓ,” என்றார், இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. குளிர் மட்டும் எலும்புக்குள் இருந்தது. பாம்பு அறையில் கண்ணாடிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு வேண்டும் என்று என்னையும் அக்கா கூப்பிட்டிருந்தார். அண்ணன் அலமாரியில் சாய்ந்து நின்றார், முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. அக்கா மெஷினில் கூடையை வைத்துக் கடைசித் தடவையாக நிறுத்தார். ஆயிரத்து அறுநூற்று இரண்டு.

“எட்டு கொறைஞ்சிருக்கு,” என்றார்.

“வெளிக்குப் போயிருக்கும்மா. எட்டு கிராம் ஒரு கணக்கா?” என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா அட்டையை எடுத்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். எட்டு மாதமும் ஏறுமுகம். மறுபடியும் படித்தார். எனக்கு வெளியே போய்விடலாமா என்றிருந்தது. அக்கா அட்டையை மேசையில் வைத்தார்.

“சரி,” என்றார். “கணக்கு எல்லாம் சரியா இருக்கு. தம்பி மெஷினைப் பாத்துட்டாரு. நீங்களும் சொல்றீங்க. எனக்குத்தான் பயம். பயந்துக்கிட்டே எத்தனை வருஷம் ஓட்டறது. விடலாம்.”

கண்ணாடிக்காரர் எழுந்து மாப்பிள்ளையின் பெட்டியை இழுத்தார். அவன் அவர் கையில் ஏறிச் சுற்றிக்கொண்டான். அக்கா சோம்பேறியின் பெட்டியைத் திறந்து பிடித்தார்.

“வேணாம்,” என்றார் அண்ணன்.

சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் கண்ணாடிக்காரருக்குக் கேட்கவில்லை. அவர் கையை நீட்டிக்கொண்டே போனார். அண்ணன் குறுக்கே வந்து பெட்டியைத் தள்ளி மூடினார். அக்காவின் விரல் நசுங்காமல் தப்பியது பெரிய விஷயம்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?” என்றார் அக்கா.

“அந்த அட்டை பொய்.”

“நான் எழுதின அட்டைங்க அது.”

“நீ எழுதினது சரி. நான் எழுதாதது இருக்கு.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நீ வேலைக்குப் போனப்புறம் நானும் போட்டேன். வாரத்துக்கு ஒண்ணு. எட்டு மாசமா.”

“எலியா?”

“ம்.”

“நம்ம ஃப்ரீசர்ல எண்ணிக்கை கொறையலையே.”

“தனியா வாங்கித் தம்பி வீட்டு ஃப்ரீசர்ல வச்சிருந்தேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். ரொட்டிப் பைக்குள் எட்டு மாதமாக எலியோடு எலியாக என் ஐஸ் இருந்திருக்கிறது என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். அந்த ஐஸைப் போட்டு எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தேன் என்று நினைக்கும் நிலைமையில் அப்போது நான் இல்லை.

“எதுக்கு?” என்றார் அக்கா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“அஞ்சு வாரம் ஆயிரத்து நூத்தி எண்பதுலயே நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை நிறுப்ப. அப்படியே உக்காந்துருவ. தட்டுல சோறு போட்டா கை வைக்க மாட்ட. நான் பேசினா ம்னுவ. பொட்டு செத்த வாரம் இருந்த மாதிரியே இருந்த. என்னால பாக்க முடியல. ஒரே ஒரு தடவைன்னுதான் குடுத்தேன். அந்த ஞாயித்துக்கிழமை நாப்பது கிராம் ஏறுச்சு. நீ பாடிக்கிட்டே துணி மடிச்ச.” அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “அப்புறம் எப்படி நிறுத்தறது, சொல்லு.”

எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அக்கா பெட்டியைத் திறந்து சோம்பேறியை வெளியே எடுத்தார். மெஷின் பக்கம் போகவில்லை. நின்றபடியே இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் அவளை மெதுவாக நகர விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். சலவை ஆலையில் அவர் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது. பாம்பு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, அங்கிருந்து மறுபடி இந்தக் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரல் வால் பக்கம் போய் ஒரு மடிப்பில் நின்றது. அங்கே அழுத்தினார், விட்டார்.

“கொழுப்பு,” என்றார். “உள்ள மணி ஒண்ணும் இல்ல. முதுகுல தசை இல்ல. கொழந்தை இவ. கொழந்தையைத் தீனி போட்டு ஊத வச்சிருக்கோம்.”

“அப்படியும் சில பொண்ணுங்க தாங்கிரும்மா,” என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். “இவனை விட்டா வேற ஆணுக்கு நீ எங்க போவ?”

“எங்கயும் போகல. இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷமும் இருக்குமான்னு தெரியல. நீங்க மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க.”

“நல்லா யோசிச்சுக்கோ.”

“யோசிச்சு என்ன ஆகப்போவுது. ஒரு மாசமா இந்தக் கை வேணாம் வேணாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பழைய பயம்னு நெனச்சு நான்தான் அடக்கி வச்சேன்.” சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பாம்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

கண்ணாடிக்காரர் மனத்தாங்கலோடுதான் போனார். துணிப்பையில் மாப்பிள்ளையைப் போட்டு இரண்டு முடிச்சு போட்டார். வாசல்வரை நான் கூடப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அக்கா சோம்பேறியைப் பெட்டியில் விட்டு மூடியிருந்தார். அண்ணன் அதே இடத்தில் நின்றார். நான் விடைபெறுவதற்கு இடம் பார்த்து அறை வாசலில் நின்றேன்.

“திட்டவாவது செய்,” என்றார் அண்ணன்.

அக்கா திட்டவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றார்.

“இனிமேலும் ஞாயித்துக்கிழமை நிறுப்பேன். எடை நிக்கும், கொறையும். என் மூஞ்சி தொங்கும். சோறு எறங்காது,” என்றார். “நீங்க அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கணும். ஒண்ணும் பண்ணக் கூடாது. முடியுமா?”

அண்ணன் உடனே தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். ஆட்டவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“கஷ்டம்தான்,” என்றார்.